முதலில் மனிதர்களைக் கண்டுபிடியுங்கள்

அக்டோபர் கடைசி வாரம். கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பாதியில், மலையேறும் மண்சாலை எங்கே முடிகிறதோ அங்கெல்லாம் ட்ரக்குகள் வரிசை கட்டி நிற்கும். ஆரஞ்சு மேலங்கி அணிந்தவர்கள் விடியுமுன்பே நெற்றி விளக்கோடு காட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார்கள். எல்லோர் கைபேசியிலும் ஏறக்குறைய ஒரே வரைபடம். அதில் எல்லோரும் தேடுவதும் ஒன்றையேதான்: புல்வெளி எங்கே, சுனை எங்கே, ஆஸ்பென் தோப்பு எங்கே? எல்க் மான் அங்கேதான் இருக்க வேண்டும் என்று உயிரியல் புத்தகம் சொல்கிறது.

புத்தகம் சொல்வதில் தவறில்லை. கோடையில் போனால் மான் அங்கேதான் இருக்கும். வேட்டைப் பருவம் திறந்த மூன்றாம் நாள் போனால் அங்கே பழைய தடமும் காய்ந்த புழுக்கையும் மட்டும் கிடக்கும். மேய்ச்சலும் நீரும் வரைந்த வரைபடத்தை அதற்குள் மனிதர்கள் அழித்து வேறு மாதிரி வரைந்துவிடுகிறார்கள். அந்தப் புதிய வரைபடத்தை எப்படி வாசிப்பது என்பதை, கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு காட்டியிருக்கின்றன.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த இந்திய வாசகருக்கு, அரசுக் காட்டில் உரிமம் வாங்கி மான் வேட்டையாடுவது என்பதே உறுத்தலாக இருக்கலாம். அந்த உறுத்தல் நியாயமானது. ஆனால் அங்கே நடந்த வரலாறு வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில் கொலராடோவில் எல்க் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. 1912 முதல் 1928 வரை வயோமிங் மாநிலத்திலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். விற்பனைக்கான வேட்டை ஒழிந்தது. கட்டுப்பாடான பருவங்கள் வந்தன. 1937-இல் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியைக் காட்டுயிர் மேலாண்மைக்கு ஒதுக்கியது. உரிமக் கட்டணமும் அதற்கே போகிறது. இன்று கொலராடோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் எல்க் உள்ளன. வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. வேட்டை பிடிக்காதவரும் இந்த எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துத்தான் வாதாட வேண்டும்.

எல்க் நம் கடமானுக்கு உறவு. உருவத்தில் அதைவிடப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும்; பெண் 220 கிலோ அளவு. அசைபோடும் விலங்கு என்பதால் அதன் நாள் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இருளிலும் விடியல், அந்தி வேளைகளிலும் திறந்த வெளியில் மேயும். பகலில் மரக்கூட்டத்துக்குள் படுத்து அசைபோடும். வடக்கு நோக்கிய சரிவுகளில் வெயில் குறைவு, ஈரம் நிற்கும், ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் நெருங்கி வளரும். குளிர்கால ரோமம் முளைத்துவிட்ட உடலுக்கு அந்த நிழல் தேவை. தெற்கு நோக்கிய சரிவுகளில் புல் மிகுதி. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் முகடுகளே எல்க் விரும்பும் இடம். மனிதரே இல்லாத காடாக இருந்தால் திட்டம் போட இந்த ஒரு பத்தி போதும்.

மனிதர் நுழைந்தால் என்ன ஆகிறது என்று அளந்து பார்க்க ஒரேகான் மாநிலத்தின் புளூ மலைகளில் ஒரு காட்டையே வேலியிட்டார்கள். ஸ்டார்க்கி ஆய்வுக் காடு என்று பெயர். 1987-இல் சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பைச் சுற்றி 8 அடி உயர வேலி எழுந்தது. உள்ளே எல்க், கருவால் மான், கால்நடை மூன்றும் இருந்தன. வழக்கமான மரம் வெட்டலும் வேட்டையும் போக்குவரத்தும் நடந்தன. விலங்குகளின் கழுத்தில் ரேடியோ பட்டை. சாலைகளில் வண்டி எண்ணும் கருவி. எந்தச் சாலையில் எத்தனை வண்டி போனபோது எந்த மான் எங்கே இருந்தது என்பதை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். சாலையை விட்டு எல்க் விலகி நிற்கிறது, வண்டிகள் கூடக்கூட விலகலும் கூடுகிறது என்பது தெளிவாயிற்று.

பிறகு இன்னும் நேரடியான சோதனை. நான்கு சக்கர மோட்டார் வண்டி, மலைச் சைக்கிள், குதிரை, நடை என்று நான்கு வகையினரையும் தனித்தனியாகக் குறித்த பாதைகளில் அனுப்பினார்கள். ஜிபிஎஸ் பட்டை அணிந்த எல்க் எந்த அளவுக்கு ஒதுங்குகிறது என்று பார்த்தார்கள். மோட்டார் வண்டியிலிருந்துதான் மிக விலகின, சராசரியாக 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிள் அடுத்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசி எண்: அமைதியாக நடந்து போகிறவரிடமிருந்தும் அவை அரைக் கிலோமீட்டருக்கு மேல் விலகியே நின்றன. அடர்ந்த காட்டில் அரைக் கிலோமீட்டர் என்றால் நடந்தவர் அந்த மானைப் பார்த்திருக்கவே மாட்டார். தன்னால் ஒரு மந்தை இடம் பெயர்ந்தது என்பதே அவருக்குத் தெரியாது. பொதுக்காட்டில் ஒவ்வொருவரைச் சுற்றியும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்று வட்டம் நகர்ந்துகொண்டிருக்கிறது. நூறு பேர் நுழைந்தால் நூறு வட்டங்கள். அவை ஒன்றையொன்று தொடாமல் விட்டுவைத்த துண்டுகளில்தான் எல்க் மிஞ்சும்.

மொன்டானாவில் காட்டியலாளர்கள் 1991-இலேயே இந்தத் துண்டுகளுக்கு ஓர் அளவுகோல் தந்திருந்தார்கள். வேட்டைப் பருவத்தில் எல்க் பாதுகாப்பாக ஒளிய, வண்டி போகும் சாலையிலிருந்து குறைந்தது 800 மீட்டர் தள்ளி, 100 ஹெக்டேருக்குக் குறையாத மறைவான காடு வேண்டும். ஒரு வட்டாரத்தின் பரப்பில் 30 விழுக்காடாவது இப்படி இருக்க வேண்டும். இதை மானைக் காப்பதற்காகத்தான் வகுத்தார்கள். ஆனால் வேட்டைக்காரரின் வரைபடத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். திட்டமிடுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சாலைகள், நடைபாதைத் தொடக்கங்கள், வண்டி நிறுத்துமிடங்கள், முகாம் போடத் தோதான சமதளங்கள் எல்லாவற்றையும் குறிப்பது. அவற்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பிரபலமான நடைபாதைகளின் இருபுறமும் அரைக் கிலோமீட்டருக்குப் பட்டை தீட்ட வேண்டும். வெள்ளையாக எஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். புல்லையும் நீரையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கொலராடோவின் ஒயிட் ரிவர் தேசியக் காட்டில் இந்த வேலையைச் செய்து பார்ப்பது நல்ல பாடம். 23 லட்சம் ஏக்கர் காடு அது. நாட்டிலேயே பெரிய எல்க் மந்தைகளுள் ஒன்று அங்கே வாழ்கிறது. வெய்ல், ஆஸ்பென் போன்ற பனிச்சறுக்கு ஊர்களும் அதன் எல்லைக்குள்ளும் விளிம்பிலும் உள்ளன. அதன் வடபகுதியில் ஃபிளாட் டாப்ஸ் என்னும் மேட்டுநிலம், சுமார் 2,35,000 ஏக்கர், சட்டப்படி மோட்டாரும் சைக்கிளும் நுழையக் கூடாத வனாந்தரம். அங்குள்ள டிராப்பர்ஸ் ஏரியைச் சுற்றிச் சாலையும் கோடை விடுதிகளும் அமைக்க அளவெடுத்து வரும்படி 1919-இல் வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளம் நிலவடிவமைப்பாளரை அனுப்பியது. அவர் அளந்துவிட்டு வந்து, இந்த இடத்தை இப்படியே விட்டுவிடுங்கள் என்றார். வனத்துறையும் கேட்டுக்கொண்டது. ரேடியோ பட்டையும் வண்டி எண்ணும் கருவியும் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஒருவர் போடாமல் விடச் சொன்ன சாலை அது. இன்று அங்கே எல்க் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் வனாந்தரம் என்று பெயர் வைத்ததால் கூட்டம் வராது என்று எண்ணிவிடக் கூடாது. சாலையிலிருந்து தொலைவாகப் போ, ஆள் இருக்காது என்பது பழைய அறிவுரை. அதை இப்போது எல்லோரும் படித்துவிட்டார்கள். கால் வலுவுள்ளவர்கள் ஆறேழு கிலோமீட்டர் உள்ளே முகாம் போடுகிறார்கள். குதிரை வைத்திருக்கும் வழிகாட்டிகள் அதற்கும் அப்பால். நடைபாதையில் எட்டாவது கிலோமீட்டரில் உள்ள அழகான புல்வெளியைவிட, சாலையிலிருந்து ஒரே கிலோமீட்டரில் வண்டுகள் கொன்ற மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கிடக்கும் செங்குத்துச் சரிவு ஆளரவமற்று இருக்கும். முதலாவதற்குப் பாதை இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. மானுக்குக் கிலோமீட்டர் தெரியாது. ஆள் வருகிறாரா இல்லையா என்பதே அதற்குக் கணக்கு. தொலைவைவிடத் தொந்தரவின்மையைத் தேடுவதே மேல் என்பேன்.

இந்தக் கணக்கை எல்க் கற்றுக்கொள்கிறது என்பதற்கு ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தந்த சான்று என்னை மிகவும் கவர்ந்தது. கனடாவின் ராக்கி மலைச் சரிவுகளில் பெண் எல்க்குகளுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் அலைந்து திரிந்து திறந்த வெளிகளுக்கு வந்த மான்கள் சுடப்பட்டதும், குறைவாக நகர்ந்து மறைவில் இருந்தவை தப்பியதும் தெரிந்தது. துணிந்தவை சாகின்றன, கூச்சமுள்ளவை பிழைக்கின்றன, அது தேர்வு. ஆனால் அதே விலங்கை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. வயது ஏற ஏற அது தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது: வேட்டைப் பருவத்தில் நகர்வைக் குறைக்கிறது, கரடுமுரடான சரிவுகளை நாடுகிறது, வில் வேட்டை நடக்கிறதா துப்பாக்கி வேட்டை நடக்கிறதா என்பதற்கேற்பவும் மாறுகிறது. ஒன்பது, பத்து வயதைக் கடந்த பெண் எல்க்கை வேட்டைக்காரர்களால் ஏறக்குறைய தொடவே முடியவில்லை. 2017-இல் வந்த முடிவு இது. மந்தைகளை நடத்திச் செல்பவை பெரும்பாலும் இத்தகைய மூத்த பெண்கள்தாம். ஆகவே ஒரு முகட்டில் நாற்பது மான் நிற்கிறது என்றால், அந்த இடத்தைத் தேர்ந்தது பத்து இலையுதிர்காலங்களின் அனுபவம் என்று கொள்ளலாம்.

கற்றுக்கொண்ட இன்னொரு புகலிடம் தனியார் நிலம். மலையடிவாரப் பண்ணைகளில் நீர் பாய்ச்சிய புல் உண்டு. பெரும்பாலும் வேட்டைக்காரர் உள்ளே போக முடியாது. வடமேற்குக் கொலராடோவில் ரேடியோ பட்டை அணிந்த எல்க்குகளைப் பின்பற்றி 2001-இல் வெளியான ஆய்வு, பருவத்தின் தொடக்கத்திலேயே அவை பொதுநிலத்தை விட்டுத் தனியார் நிலத்துக்கு நகர்வதைக் காட்டியது. துப்பாக்கிப் பருவங்களுக்கு முன்னே செப்டம்பர் முழுதும் வில் வேட்டை, நடுவில் பழைய முறைத் துப்பாக்கி வேட்டை என்று கொலராடோவில் அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது. அக்டோபர் நடுவில் முதல் துப்பாக்கிப் பருவம். அடுத்து வரும் இரண்டாம், மூன்றாம் பருவங்களில் ஆண் எல்க்குக்குக் குலுக்கல் இல்லாமலே உரிமம் வாங்கலாம் என்பதால் கூட்டம் அப்போது மிகுதி. வெளிமாநிலத்தவருக்கு வில் வேட்டை உரிமத்தை அப்படிக் கட்டற்று விற்பதை 2025 முதல் நிறுத்தியதற்கும் இந்த நெரிசலே பெரிய காரணம். ஐந்தில் ஒருவர் அளவே மானோடு திரும்புகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் வெறுங்கையோடு திரும்புவதில் மனக்கசப்பு இருக்காது.

அழுத்தம் ஒரே சீராகவும் இருப்பதில்லை. திறப்பு நாளின் விடியலில் காடு முழுதும் ஆள். காலை பத்து மணிக்குள் பாதிப் பேர் முகாமுக்குத் திரும்பிவிடுவார்கள். மூன்றாம் நாளுக்குப் பின் பலர் ஊர் போய்விடுவார்கள். முதல் நாள் நகர்த்தப்படும் மான்கள் முகட்டின் தாழ்வான கணவாய்கள் வழியாகவே அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும். அன்று அங்கே அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு, மற்றவர்களின் நடமாட்டமே மானைக் கொண்டுவந்து சேர்க்கலாம். நான்காம், ஐந்தாம் நாளில் அந்தக் கணவாய் வெறும் கணவாய்தான். அப்போது வெள்ளைத் துண்டுகளுக்குள் நுழைய வேண்டும். ஆகவே ஓர் இடத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு இடங்களையாவது வீட்டிலேயே குறித்துவைத்து, முதல் இடத்தில் மூன்று ட்ரக் நின்றால் தயங்காமல் வண்டியைத் திருப்ப வேண்டும்.

உள்ளே நுழைந்த பின் எதிரி காற்று. எல்க்கின் கண்ணையும் காதையும் ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற முடியாது. வாசனை நீக்கி என்று விற்கப்படும் தெளிப்பான்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. காற்றின் இயற்பியலில் முழு நம்பிக்கை உண்டு. இரவில் சரிவின் தரை குளிர்கிறது. அதைத் தொட்ட காற்று கனத்து, ஓடைபோலப் பள்ளத்தாக்குக்கு வழிகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று இலேசாகி மேலேறுகிறது. அந்தியில் மறுபடியும் இறக்கம். எனவே விடியலிலும் அந்தியிலும் மானுக்குக் கீழே இருப்பவர் மணம் மானை எட்டாது. நடுப்பகலில் மேலே இருப்பவர் மணம் எட்டாது. சிக்கலெல்லாம் மாறும் நேரத்தில்தான். கிழக்குச் சரிவில் காற்று சீக்கிரமே திரும்பிவிடும். நிழலிலுள்ள வடசரிவில் அது இரண்டு மணி நேரம் பிந்தலாம். இடையில் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாமல் சுழலும். அந்த இடைவெளியில் நகராமல் நிற்பதே அறிவு. படுக்கும் எல்க் சரிவின் மேல் மூன்றிலொரு பங்கை விரும்புவதற்கும் இதுவே விளக்கம்: கீழிருந்து ஏறும் காற்று செய்தி கொண்டுவரும், மேலிருந்து வருபவரைக் கண் பார்த்துக்கொள்ளும்.

ஆரஞ்சு மேலங்கியைப் பற்றிப் பலருக்கு ஐயம் உண்டு. துப்பாக்கிப் பருவத்தில் கொலராடோ சட்டம் தலைக்கு மேல் ஒன்றும், உடம்பில் குறைந்தது 500 சதுர அங்குலமும் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு அணியச் சொல்கிறது. நமக்கு நிறம் காட்டும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மான் குடும்பத்துக்கு இரண்டு வகை. நீண்ட அலைநீளத்துக்கான செல் அவற்றுக்கு இல்லாததால் ஆரஞ்சும் பச்சையும் ஒன்றுபோல மங்கித் தெரியும். மனிதருக்குக் கண்ணைப் பறிக்கும் நிறம் மானுக்கு வெறும் காடு. ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் நூற்றுக்கணக்கானோர் ஒரே காட்டில் உலவ முடிவது இந்த உடலியல் வேறுபாட்டால்தான்.

முன்னோட்டம் பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இதை அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். பலர் மே, ஜூன் மாதங்களிலேயே காட்டுக்குள் போய் மான் தேடத் தொடங்குகிறார்கள். அதுதான் எல்க் குட்டி போடும் காலம். வெய்ல், பீவர் கிரீக் வட்டாரங்களில் 1990-களில் நடந்த சோதனையில், குட்டி ஈனும் பருவத்தில் ஆட்களை வேண்டுமென்றே நடக்கவிட்டுத் தாய்மான்களைக் கலைத்தார்கள். திரும்பத் திரும்பக் கலைக்கப்பட்ட மந்தையில் குட்டிகளின் விகிதம் விழுந்தது. கலைப்பதை நிறுத்தியதும் சில ஆண்டுகளில் அது மீண்டது. இலையுதிர்காலத்தில் ஒரு மானை அடைவதற்காகக் கோடையில் பல குட்டிகளை இழக்கச் செய்வது நியாயமல்ல. ஜூனில் செயற்கைக்கோள் படமும் வரைபடமும் போதும். கால் வைக்க ஆகஸ்டு இருக்கிறது.

எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதை ஆசை முடிவு செய்யக் கூடாது. இறைச்சியின் எடை முடிவு செய்ய வேண்டும். ஓர் ஆண் எல்க்கிலிருந்து எலும்பு நீக்கி 90 கிலோ அளவுக்கு இறைச்சி வரும். ஒருவர் முதுகில் மலைப்பாதையில் 25 கிலோ சுமப்பதே பெரிது. அப்படியென்றால் நான்கு நடை. வண்டி 5 கிலோமீட்டர் தள்ளி நின்றால் சுமையோடு நான்கு முறை இறக்கம், வெறுமையாக மூன்று முறை ஏற்றம், மொத்தம் 35 கிலோமீட்டர். 8 கிலோமீட்டர் என்றால் 56. இது 3,000 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான், ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. சமவெளியிலிருந்து வருபவர் ஓரிரு நாள் உடலைப் பழக்காமல் ஏறினால் தலைவலியும் வாந்தியும் முதல் இரவே படுக்கவைக்கும். துணைக்கு ஆள் இல்லையென்றால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

அந்த நடைகள் நடக்கும்போது கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. மானின் உடல் வெப்பம் 38 பாகைக்கு மேல். தடித்த தோலும் ரோமமும் அதை வெளியே விடாது. தொடைக்குள், இடுப்பு மூட்டை ஒட்டிய சதை கடைசியாகவே குளிரும், அதனால் முதலில் அங்கேதான் கெடும். சுட்ட உடனே தோலை உரித்து, கால்களைப் பிரித்து, காற்று புகும் துணிப்பைகளில் நிழலில் தொங்கவிட வேண்டும். செப்டம்பர் வெயிலில் இது மணிக்கணக்கு விவகாரம்; நவம்பர் பனியில் ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப் போவது கொலராடோவில் கடும் குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நோய். மூளையைத் துளைதுளையாக்கும் நாள்பட்ட மெலிவு நோய் 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் வளர்ப்பிலிருந்த கருவால் மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. 1981-இல் காட்டு எல்க்கில் கண்டறியப்பட்டது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கிறது. காரணம் பாக்டீரியாவோ வைரஸோ அல்ல, உருமாறிய புரதமான பிரியான். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று பொதுச் சுகாதார அமைப்புகள் சொல்கின்றன. மாநிலக் காட்டுயிர்த் துறை குறிப்பிட்ட வட்டாரங்களில் தலையை ஒப்படைக்கச் சொல்லி நிணநீர் முடிச்சுகளைச் சோதிக்கிறது. எனவே கொம்போடு தலையைச் சுமக்கும் ஐந்தாவது நடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரியான் மண்ணில் ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் வீரியம் குறையாமல் கிடக்கும் என்பதால், முதுகெலும்பையும் மற்ற எலும்புகளையும் வெட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு, சதையை மட்டும் மலையிலிருந்து இறக்க வேண்டும். வேறு பள்ளத்தாக்குக்கோ வேறு மாநிலத்துக்கோ எலும்போடு கொண்டுபோனால், அங்கே இதுவரை இல்லாத நோயை அந்த மண்ணில் விதைத்துவிட்டு வர நேரும்.